கருத்து சொல்லக் கூடாது

பால்பவுடர் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தால் ப்ரோடி முதலில் காதைத்தான் கழுவுவான். பவுடர் காதுக்குள் போய் வியர்வையில் கட்டியாகிவிடும். அந்த ஞாயிறு காலையும் குழாயடியில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். தங்கை டாலியா சமையலறை மேசையிலிருந்து கத்தினாள்.

"குளிச்சது போதும், வந்து படிச்சுக் காட்டு."

"எனக்குத் தூக்கம் வருது டாலியா."

"எனக்குந்தான் வருது. ஒரே ஒரு கட்டுரை. அப்புறம் நீ செத்துக் கிடந்தாலும் எழுப்ப மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு. அதில் மூன்று பகுதிகள். முதல் இரண்டும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்றாவதுதான் ஆளைத் தின்றது. முன்பின் பார்த்திராத ஒரு கட்டுரையையோ மேடைப் பேச்சையோ கொடுப்பார்கள், கூடவே ஒரு படமும் இருக்கும். எழுதியவன் எந்தெந்த வழியில் படிப்பவனைத் தன் பக்கம் இழுக்கிறான் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அவன் சொல்வது சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை எழுதினால் மதிப்பெண் போகும்.

டாலியா அங்கேதான் வழுக்கி விழுந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு.

ப்ரோடி தலையைத் துவட்டிக்கொண்டே கட்டுரையை எடுத்து வாசித்தான். ஊர்ப் பத்திரிகைக்கு யாரோ ஓய்வுபெற்ற பல் டாக்டர் எழுதியது. கால்பந்து மைதானத்தில் நாய்களை விடக் கூடாதாம். தன் பேத்தியை ஒரு நாய் துரத்திய கதையில் ஆரம்பித்து, நம் குழந்தைகள், நம் மைதானம் என்று போய், இன்னும் எத்தனை பேர் கடிபட வேண்டும் என்று கேட்டு முடித்திருந்தார்.

"சொல்லு," என்றான்.

"சொந்தக் கதை முதல்ல. பரிதாபம் வர்றதுக்கு. அப்புறம் 'நம்ம நம்ம'ன்னு நம்மளையும் கூட்டத்துல சேத்துக்குறார். கடைசில பதில் வேண்டாத கேள்வி." டாலியா பேனாவைக் கடித்தாள். "ஆனா ஆளு சுத்த மடையன். துரத்துனதுதானே, கடிக்கவே இல்லையே."

"மடையன்கிறது உன் கருத்து."

"உண்மைதானே?"

"உண்மையா இருந்தா உனக்கென்ன? நாயும் உன்னுது இல்ல, பேத்தியும் உன்னுது இல்ல. கடிக்காத நாயை வச்சு எப்படி கடிபட்ட மாதிரி ஒரு பயத்தை உண்டாக்குறான் பாரு. அதை எழுது."

டாலியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ எழுதியிருந்தா நல்ல மார்க் வாங்கியிருப்பே."

"எழுதலையே. போய் ரொட்டி போடு."

அவன் தேர்வு எழுதாத கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் அவனுடைய தேர்வு வாரத்தில்தான் அப்பா டாரல் வீட்டுக்குத் திரும்பி வந்தார். மாறிவிட்டேன் என்றார். அம்மா நம்பினாள். முதல் தேர்வுக்கு முந்தைய இரவு குடித்துவிட்டு அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு பண்ணை வேலியில் செருகினார். ப்ரோடி மறுநாள் மதியம் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மற்றத் தேர்வுகளுக்கும் போகவில்லை. அடுத்த மாதம் ஆலையில் சேர்ந்தான்.

டாரல் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவருக்கு வாய்தான் ஆயுதம். வேலி போடும் வேலைக்காரர். கம்பி இழுப்பதைவிட ஆளை இழுப்பதில் கெட்டிக்காரர். ஒரு தடவை கழுத்தில் கட்டி, டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று சொல்லி உள்ளே வந்தார். கட்டியும் இல்லை, டாக்டரும் இல்லை. இன்னொரு தடவை பிக்கப் வண்டிக்கு பிரேக் போய்விட்டது, ஒரே ஒரு ராத்திரி என்றார். அந்த ஒரு ராத்திரி ஏழு மாதம் ஓடியது.

இந்த அக்டோபரில் மறுபடி ஊர்ப் பக்கம் வந்திருந்தார். பாலத்துக்குக் கீழே ஆற்றோரப் புல்வெளியில் பிக்கப்பை நிறுத்தி, நீலத் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொண்டிருந்தார். அம்மா லியான் இரண்டு தடவை அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது ப்ரோடிக்குத் தெரியும். அவன் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டான்.

"பரீட்சை முடியற வரைக்கும் அந்தாளு இந்த வாசப்படி ஏறக் கூடாது. அப்புறம் நீ மாலை போட்டுக் கூட்டிட்டு வந்தாலும் நான் கேக்க மாட்டேன்."

"சரிடா," என்றாள் அம்மா. "நான் என்ன கூப்பிட்டேன்னா சொன்னேன்?"

சனிக்கிழமை பிடித்த மழை விடவில்லை. திங்கள் மதியம் அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலையில் இருந்தாள். டாலியா பள்ளியில் கடைசி வகுப்புக்குப் போயிருந்தாள். ப்ரோடி தூங்கிக்கொண்டிருந்தான். கம்பிவலைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. யார் என்று எழும்போதே தெரிந்துவிட்டது. வேறு யாரும் அப்படித் தாளம் போட்டுத் தட்ட மாட்டார்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முழங்கால் வரை சேறு. ஒரு காலணியில் கயிறு கட்டியிருந்தது.

"மகனே! ஆலைல உன்னை மேனேஜர் ஆக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பகல்ல தூங்கறதுக்குச் சம்பளம் தராங்களாமே."

ப்ரோடி கதவைத் திறக்கவில்லை. உள்பக்கக் கொக்கியில் விரலை வைத்துக்கொண்டான். முதலில் ஒரு ஜோக், ஆளை இளக வைக்க. சமையலறை மேசையில் டாலியா பிரித்துச் சொன்னது போலவே மனதுக்குள் சொன்னான். சொன்னதும் உடம்பில் ஒரு நிம்மதி வந்தது.

"என்ன வேணும்?"

"நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டியா? சரி விடு. நீ கோவப்படறது நியாயம். நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும். அதை நானே ஒத்துக்கறேன்."

"தன் தப்பை முதல்ல தானே ஒத்துக்கறது," என்றான் ப்ரோடி. இந்தத் தடவை சத்தமாகவே. "எதிராளிக்குச் சொல்ல ஒண்ணும் இல்லாம பண்றதுக்கு."

"என்னடா உளர்றே?"

"ஒண்ணுமில்ல. மேல சொல்லு."

அப்பா தொப்பியைக் கழற்றி உதறினார். முடி நன்றாக நரைத்துவிட்டிருந்தது. "இந்த வலைக்கதவு நானும் நீயும் மாட்டினது. நினைவிருக்கா? நீ கீல் ஆணியை வாய்ல வச்சுக்கிட்டு முழுங்கிட்டேன்னு சொல்லி என்னைக் கதிகலங்க வச்சே."

"சொந்தக் கதை."

"நம்ம குடும்பம்டா இது. நாம நாலு பேரும்..."

"'நம்ம.' 'நாம.'" ப்ரோடி சிரித்தான். "கூட்டத்துல சேத்துக்கறே."

அப்பா வாயை மூடிக்கொண்டார். பேச்சின் நடுவில் அவர் வாயை மூடி ப்ரோடி பார்த்ததே இல்லை. நாக்கால் உதட்டைத் தடவினார். வேறு எதையோ தேடுவது போல வராந்தாத் தரையைப் பார்த்தார்.

"சரி. கேளு. நான் வீட்டுக்குள்ள வரல. வண்டி சேத்துல புதைஞ்சிருச்சு. ரெண்டு சக்கரமும். தண்ணி ஏறுது ப்ரோடி. அணைல திறந்து விட்டா ராத்திரிக்குள்ள அங்க நிக்க முடியாது. உன் வண்டில ஒரு கயிறு கட்டி இழுத்து விடு. பத்து நிமிஷ வேலை."

அணையைத் திறக்கப் போவதாகப் போனில் எச்சரிக்கை வந்திருந்தது ப்ரோடிக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் வந்தது. அந்தப் புல்வெளியில் தண்ணீர் ஏறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அப்பா பேசியதில் அவன் காதில் விழுந்தது அது இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் டாலியா உத்திகளை எழுதி ஒட்டி வைத்திருந்த அட்டைகளில் மஞ்சள் அட்டைதான் காதில் விழுந்தது. அச்சமூட்டல்: ஆபத்து நெருங்கிவிட்டது, உடனே செயல்பட வேண்டும் என்று அவசரப்படுத்துவது. கூடவே படமும் இருந்தது. முழங்கால் சேறும் கயிறு கட்டிய காலணியும். ஒரு சோகமான படம் இருந்தால் கட்டுரைக்குப் பாதி வேலை மிச்சம்.

"பயமுறுத்துறது," என்றான். "பிரேக் போன மாதிரி. கழுத்துக் கட்டி மாதிரி."

"இது அப்படி இல்லடா."

"அதையும் ஒவ்வொரு தடவையும் சொல்வே. உனக்கு இன்னைக்கு வண்டியை இழுத்து விட்டா நாளைக்குத் துணி காயப்போட இடம் கேப்பே. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. தெரியுமா உனக்கு?"

"குட்டிக்கா? நாளைக்கா?" அப்பாவின் முகம் மாறியது. உண்மையாகவே தெரியாதது போலத்தான் இருந்தது. அதையும் ப்ரோடி கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

"புதன்கிழமை வா," என்றான். "புதன்கிழமை வந்தா இழுத்து விடறேன்."

அப்பா ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று ப்ரோடி எதிர்பார்த்தான். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, "நல்லா எழுதச் சொல்லு," என்றார். படி இறங்கிப் போனார். அட்டைகளில் அதற்கு என்ன பெயர் என்று ப்ரோடிக்குத் தோன்றவில்லை. திரும்பிப் படுத்தவன் நன்றாகத் தூங்கினான்.

மாலையில் அம்மா வந்து, அப்பாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டபோதும் அவன் எதுவும் சொல்லவில்லை. டாலியாவுக்குக் காது கேட்கும் தூரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

செவ்வாய் விடிந்து ஷிப்ட் முடிந்து அவன் ஆலையின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது மிக் அவனுக்காகக் காத்திருந்தான். மிக் அவனோடு மூட்டை பிடிப்பவன், வெள்ள மீட்புப் படையில் தொண்டன். பாதி ஷிப்டில் அழைப்பு வந்து போயிருந்தான். ஆரஞ்சு உடுப்பு மார்பு வரை நனைந்திருந்தது.

"உங்கப்பா வண்டி வெள்ளைதானே? பின்னாடி நீலத் தார்ப்பாய்?"

"ஏன்?"

"பாலத்துத் தூண்ல மாட்டிக்கிட்டு நிக்குது. தலைகீழா." மிக் சிகரெட்டைப் பற்ற வைக்கப் பார்த்தான். ஈரத்தில் பற்றவில்லை. "உள்ள ஆள் இல்ல. கதவு திறந்திருக்கு. அது நல்லதாவும் இருக்கலாம். மேட்டுக்கு ஏறியிருக்கலாம். படகு போயிருக்கு. உனக்கு ஏதாவது தெரியுமா? ராத்திரி எங்க இருந்தாரு?"

"தெரியாது."

காருக்குள் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா அதிகாலை ஷிப்டில் இருந்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அவன் சொல்லி முடித்ததும் அந்தச் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன். நான் பாலத்துக்குப் போறேன்." பிறகு, "அவகிட்ட சொல்லாத. கொண்டுபோய் உள்ள விடு. இன்னும் ஒண்ணும் தெரியாதுல்ல. தெரியாத விஷயத்தைச் சொல்லி என்ன பண்ணப் போறோம்?"

"சரி."

"நேத்து உனக்கு போன் எதுவும் பண்ணாரா?"

"இல்ல," என்றான் ப்ரோடி. போன் பண்ணவில்லை என்பது உண்மைதான்.

வீட்டில் டாலியா சீருடையில் தயாராக இருந்தாள். வெஜிமைட் என்கிற உப்புப் பசை தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைகளைக் கடைசித் தடவை புரட்டினாள். பாலம் மூடியிருந்ததால் மேட்டுச் சாலை வழியாக ஓட்டினான். வளைவில் திரும்பும்போது கீழே ஆறு தெரிந்தது. புல்வெளி இருந்த இடமே இல்லை. பழுப்புத் தண்ணீரில் வேலிக்கம்பங்களின் தலைகள் மட்டும் வரிசையாக நின்றன.

டாலியா ரொட்டியை இறக்கினாள். "அப்பா அங்கதானே படுத்திருந்தாரு?"

"மேட்டுக்குப் போயிருப்பாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநாளே போன்ல எச்சரிக்கை வந்துச்சு. அவர் என்ன குழந்தையா? மைதானத்துப் பக்கம் நிறுத்தியிருப்பாரு."

டாலியா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு ரொட்டியை மறுபடி கடித்தாள். "சரி, அவசரமா ஏதாவது கேளு. என்னைப் பயமுறுத்தாத, ஆனா கேளு."

அவன் கேட்டான். அவள் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். பள்ளி வாசலில் இறங்கி, ஜன்னல் வழியாகக் குனிந்து, "கருத்து சொல்லக் கூடாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

தேர்வு மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடக்கும். ப்ரோடி எங்கேயும் போகவில்லை. காரைப் பள்ளியின் பின் வேலியோரம் நிறுத்திவிட்டு இருக்கையைச் சாய்த்தான். தூக்கம் வரவில்லை. கண்ணாடியில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

நேற்றைய பேச்சை மறுபடி எடுத்துப் பார்த்தான். ஜோக்கை எடுத்துவிட்டான். செருப்பால் அடிப்பதை எடுத்துவிட்டான். வலைக்கதவு, கீல் ஆணி, நம்ம குடும்பம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். அதெல்லாம் அந்த ஆளின் பழக்கம், வாயைத் திறந்தால் தானாக வருவது. பால் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கீச் கீச் என்று கத்துவது போல. எடுத்த பிறகு மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: வண்டி புதைந்துவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, இழுத்து விடு. இதில் எது பொய் என்று தேடினான். கிடைக்கவில்லை. நேற்று அந்தக் கேள்வியையே அவன் கேட்கவில்லை. எப்படிச் சொல்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், அவர் சொல்வது நடக்கிறதா என்று பார்க்கவில்லை. அவன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்திருந்தாலே ஆறு தெரிந்திருக்கும்.

வண்டியை விட்டுவிட்டு வா, இங்கே படு என்று சொல்லியிருக்கலாம். அவர் வந்திருக்க மாட்டார் என்றும் நினைத்தான். வேலி போடும் கருவிகள் எல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தன. அவரிடம் வேறு எதுவும் இல்லை. ஆனால் அவன் சொல்லவில்லை என்பது இதனால் மாறிவிடாது.

போன் அதிர்ந்தது. அம்மா. "கண்டுபிடிச்சாச்சு" என்று ஒரே வார்த்தை அனுப்பியிருந்தாள். எப்படி என்று எழுதவில்லை. எழுதாததிலேயே தெரிந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. "ஸ்டேஷனுக்கு வா. அவளையும் கூட்டிட்டு வா."

டாலியா கூட்டத்தோடு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. வந்து கார்க் கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நூலகத்தை மூடக் கூடாதுன்னு ஒரு பொம்பள பேசின பேச்சுடா! உருகி உருகிப் பேசியிருக்கா. எல்லாம் வந்துச்சு, ஒண்ணு விடாம எழுதிட்டேன். ஒரு இடத்துலகூட அவ சொல்றது சரின்னு நான் எழுதல. ஆனா சரிதான். இப்ப சொல்லலாம்ல? நூலகத்தை மூடக் கூடாது!" அவள் சிரித்தாள். "ஏன்டா இப்படி உக்காந்திருக்கே?"

"அப்பா ஆத்துல போயிட்டாரு. செத்துட்டாரு. காலைலதான் கண்டுபிடிச்சாங்க."

வேறு எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்துப் பார்த்திருந்தான். எந்த வழியில் ஆரம்பித்தாலும் அது ஏமாற்றுவது போல இருந்தது.

டாலியா பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். வெளியே பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்னை இறக்கி விடும்போது உனக்குத் தெரியுமா?"

"வண்டி மாட்டிக்கிட்டது தெரியும். அவரைப் பத்தித் தெரியாது."

"மேட்டுக்குப் போயிருப்பாருன்னு சொன்னே."

"ஆமா."

அவள் காவல் நிலையம் வரும் வரை பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

காவல் நிலையத்தில் அம்மா வேலை உடுப்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையில் சமையலறை வலை இன்னும் இருந்தது. டாலியா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ப்ரோடிக்கு அந்த பெஞ்சில் இடம் இருந்தது. அவன் நின்றுகொண்டான்.

இளவயது போலீஸ்காரர் ஒருவர் வந்து, வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு, மரண விசாரணைக்குச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். தனி அறை வேண்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"கடைசியா அவரை யார் பாத்தீங்க?"

"போன வியாழக்கிழமை," என்றாள் அம்மா. "சாப்பாடு குடுக்கப் போனேன். அதுக்கப்புறம் யாரும் பாக்கல."

போலீஸ்காரர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அவர் அதோடு விட்டுவிடுவார் என்று ப்ரோடிக்குத் தெரிந்தது. சும்மா நின்றால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம்.

"நான் பாத்தேன்," என்றான்.

அம்மா தலையைத் தூக்கினாள்.

"எப்போ?"

"நேத்து மத்தியானம். வீட்டு வாசலுக்கு வந்தாரு. நடந்து வந்தாரு."

"எப்படி இருந்தாரு? குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"என்ன சொன்னாரு?"

"வண்டி சேத்துல புதைஞ்சிருச்சுன்னாரு. தண்ணி ஏறுதுன்னாரு. கயிறு கட்டி இழுத்து விடச் சொன்னாரு."

டாலியாவின் அழுகை நின்றுவிட்டது. அவள் அம்மாவின் தோளிலிருந்து எழவில்லை. கண் மட்டும் அவன் மேல் இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புதன்கிழமை வரச் சொன்னேன்."

போலீஸ்காரரின் விரல்கள் நின்றன. "ஏன் புதன்கிழமை?"

ப்ரோடி வாயைத் திறந்தான். காரணம் பெஞ்சில் சீருடையோடு உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால் சரியான காரணமாக இருக்கும். கேட்பவர் யாராக இருந்தாலும் மனம் இளகும். ஆனால் அதை டாலியா வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

"எனக்குத் தூக்கம் வந்துச்சு," என்றான். "நைட் ஷிப்ட். எழுந்து போகத் தோணல."

போலீஸ்காரர் அதை அப்படியே தட்டச்சு செய்தார். அம்மா எழுந்து டாலியாவைக் கைப்பிடித்துத் தூக்கினாள். இருவரும் அவனைக் கடந்து கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போனார்கள். ப்ரோடி நகரவில்லை. கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று போலீஸ்காரர் ஒரு பேனாவை நீட்டினார்.